ஒன்பது சாண் இடம்

ஜூன் 4, புதன்

முதலில் பிள்ளைகளைப் பற்றி எழுதிவிடுகிறேன். சிந்துஜா, என் மகன் வயிற்றுப் பேத்தி, புனேயில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறாள். சேர்ந்து பதினான்கு மாதம்தான் ஆகிறது, அதற்குள் அவளுக்குக் கீழே மூன்று பேர். அதில் இரண்டு பேர் ஆம்பிளைகள். அவள் தம்பி அகிலன் பத்தாவதில் நானூற்று எண்பத்தொன்று எடுத்தவன். இப்போது ராசிபுரம் பக்கம் விடுதிப் பள்ளியில் பன்னிரண்டாவது. என் மகள் கோமதியின் மூத்தவன் சுடலைராஜ் ரயில்வே பரீட்சையில் முதல் தடவையே தேறிவிட்டான். இளையவள் செண்பகம் கபடியில் மாவட்டக் கோப்பை வாங்கினாள். கோப்பை அவள் இடுப்பு உயரம். நான்கு பேரையும் காலில் போட்டுக் குளிப்பாட்டி வளர்த்தவள் நான்.

நான் ஐந்தாவது வரைதான் படித்தேன். ஆனால் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று டீச்சர் என்னைத்தான் பலகையில் தேதி எழுதச் சொல்வார்.

இந்த டைரி என் மகன் திருமலைக்குமாருக்கு அவன் கம்பெனியில் கொடுத்தது. போன வருஷத்தது. அச்சடித்த கிழமையை அடித்துவிட்டுச் சரியான கிழமையை எழுதுகிறேன். எலும்பு டாக்டர் தினமும் கொஞ்சம் எழுதச் சொன்னார். விரல்கள் இறுகாமல் இருக்குமாம். என் விரலுக்கு ஒன்றும் இல்லை. மருமகள் எழிலரசி பள்ளிக்கூட ஆபீசில் லீவு போட்டுக் கூட்டிக்கொண்டு போனாளே என்று போனேன்.

ஓசூரில் இவர்களோடு ஆறு வருஷமாக இருக்கிறேன். வாடகை வீடு. இரண்டு படுக்கையறை. ஒன்று அவர்களுக்கு, ஒன்று எனக்கு.

ஜூன் 6, வெள்ளி

குமார் வேலையை அவனே விட்டுவிட்டான். கம்பெனி யாரையும் அனுப்பவில்லை. பக்கத்து வீட்டில் கேட்டார்கள், இப்படித்தான் சொன்னேன். அவனோடு சேர்ந்து அதே வாரத்தில் இன்னும் நாற்பது பேரும் அவர்களாகவே விட்டார்களாம்.

இனி வீட்டிலேயே மர வேலை செய்யப் போகிறான். சின்ன வயதிலிருந்தே அவனுக்கு அதில் கை உண்டு. அதற்குள் ஒரு ஆர்டரும் வந்துவிட்டது. பாலர் பள்ளி ஒன்றுக்குப் பன்னிரண்டு குட்டி மேசைகள், ஆகஸ்ட் பத்துக்குள். மொட்டை மாடியில் செய்யக் கூடாது என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். கீழே கார் நிற்கும் இடமும் அவருடையதுதான். மிச்சம் இருப்பது என் அறை.

எழிலரசிதான் கேட்டாள். "அத்தை, உங்க ரூம்ல ஒரு பக்கம் அவரு வேலை செய்யட்டுமா? பகல்ல மட்டும்தான். சாயங்காலம் கூட்டித் துடைச்சு நானே குடுத்துடறேன்."

"என் மவனுக்கு இல்லாத எடமா?" என்றேன்.

ஜூன் 9, திங்கள்

பீர்க்கங்காய்க் கூட்டு. சாப்பிட்ட பிறகு மூன்று பேரும் உட்கார்ந்து போனில் குதிரை பார்த்தோம்.

பலகை அறுக்கும்போது இரண்டு பக்கமும் தாங்கி நிற்குமே, மேலே ஒரு கட்டை, கீழே நாலு கால், அதைத்தான் ஆசாரிமார் குதிரை என்பார்கள். இரண்டு குதிரை இருந்தால் பட்டறையில் பாதி வந்த மாதிரி. இதெல்லாம் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. செங்கோட்டையில் மரம் அறுக்கும் மில்லில் இருபத்திரண்டு வருஷம் பலகை அடுக்கியவள் நான்.

"எம்மா, மூணு தினுசு இருக்கு," என்றான் குமார். "இது பிளாஸ்டிக்கு."

"அத மூடி வையி. ரம்பத்த இழுத்தா அதுவும் ஒன்கூடச் சேந்து நடக்கும்."

எழிலரசி சிரித்துவிட்டாள். "சரி அத்தை, இந்த இரும்பு?"

"கால காட்டு. இது என்னளா, பள்ளிக்கூடப் பிள்ளை பிரேயர்ல நிக்கிற மாதிரி நேரா நிக்கி. குதிரைன்னா கால அகட்டி நிக்கணும். சண்டைக்கு நிக்கிற மாதிரி."

மூன்றாவது எனக்குப் பிடித்தது. பிளைவுட்டில் வெட்டிய துண்டுகள், ஒன்றுக்குள் ஒன்று செருகிக்கொள்ளும். ஆணி கிடையாது. வேலை முடிந்ததும் கழற்றிச் சுவரில் தட்டு மாதிரி மாட்டிவிடலாம். மேல்கட்டை இருபத்தெட்டு அங்குலம்.

"இதுதாம்ல. கழத்தி மாட்டிட்டா ஒனக்கும் எடம், என் கட்டிலுக்கும் எடம்."

"இருபத்தெட்டு கொஞ்சம் குட்டைம்மா. பெரிய பலகைய வச்சா ரெண்டு பக்கமும் தொங்கும். பாத்துப் பாத்து வேலை செய்யணும்." அவன் வேறொன்றைக் காட்டினான். இரும்புதான், ஆனால் கால் நன்றாக அகன்றது. மடக்கவும் செய்யலாம். நாற்பது அங்குலம். "இதுன்னா ராஜா மாதிரி நிக்கும். ஆனா விரிச்சா எடம் தின்னும். கட்டில எடுத்தாத்தான்..."

பாதியில் நிறுத்திக்கொண்டான்.

"கட்டில எதுக்கு எடுக்கணும்?" என்று கேட்டேன். எழிலரசி எழுந்து தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

ஜூன் 10, செவ்வாய்

அது ஒன்றும் தேக்குக் கட்டில் இல்லை. இரும்புதான். ஆனால் உயரம் எனக்குச் சரியாக இருக்கும். காலைத் தொங்கப் போட்டு, கையை ஊன்றி, நானே எழுந்துவிடுவேன். தரையில் படுத்தால் எழுந்திருக்க இன்னொருவர் கை வேண்டும். இன்றைக்கு வரை இந்த வீட்டில் ஒருவர் கையும் பிடித்து நான் எழுந்ததில்லை.

அந்த அறைக் கதவுக்கு உள்ளே தாழ்ப்பாள் இருக்கிறது. அதையும் எழுதிவைக்கிறேன்.

ஜூன் 11, புதன்

இன்று நல்ல காரியம் ஒன்று செய்தேன்.

குமார் பிளைவுட் பார்க்கப் பெங்களூர் போயிருந்தான். பதினொரு மணிக்குப் போன் செய்தான்.

"எம்மா, கட்டிலுக்கும் எதிர்ச் சுவருக்கும் நடுவுல எவ்வளவு இருக்கு? குதிரை சொல்லிரலாம்னு பாக்கேன். டேப்பு என் பையிலேயே வந்துட்டு."

"டேப்பு எதுக்குல? என் கை எங்க போச்சி?"

போனை மேசையில் வைத்துவிட்டு, கட்டில் சட்டத்திலிருந்து தரையோடு சாண் போட்டுக்கொண்டே போனேன். சுவர் தொட ஒன்பது சாண். சரியாக ஒன்பது. மில்லில் மேஸ்திரி டேப் எடுத்து வருவதற்குள் நான் சாணில் அளந்து சொல்லிவிடுவேன். அவர் டேப் வைத்துப் பார்த்தால் அதேதான் வரும். என்னைத்தான், வடிவு கையில் டேப் இருக்கிறது என்பார்கள். குமார் சின்னப் பிள்ளையாக மில்லுக்குச் சோறு கொண்டுவந்தபோது இதைக் கண்ணால் பார்த்தவன்.

"சாணுக்கு ஒம்பது அங்குலம். ஒம்பதொம்பது எண்பத்தொண்ணு," என்றேன்.

"எண்பத்தொண்ணா? அவ்வளவா இருக்கு?"

"நீ என்ன, என் கைய சந்தேகப்படுதியா?"

"ஐயோ, ஒன் கை தப்பாதும்மா. அப்ப நாப்பது அங்குலக் குதிரைக்கு நாப்பது, ரெண்டு பக்கமும் ஆள் நிக்க இருபது இருபது. எண்பது. கட்டில் இருந்தாலும் நாப்பதே வாங்கலாம் போலயே. இல்ல, எதுக்கு வம்பு, நீ சொன்ன இருபத்தெட்டையே வாங்கிரவா?"

"நாப்பதே வாங்கு. எடம் கெடக்கு. கட்டில் பாட்டுக்குக் கட்டில் இருக்கும்."

அவன் அங்கிருந்தே ஆர்டர் போட்டுவிட்டான். அவனுக்குப் பெரிய குதிரை, எனக்குக் கட்டில். இரண்டும் நடந்துவிட்டது. மத்தியானம் நிம்மதியாகத் தூங்கினேன்.

ஜூன் 15, ஞாயிறு

சிந்துஜா போன் செய்யவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் வேலை கொடுக்கிறார்கள் போல. பெரிய பொறுப்பில் இருப்பவர்களுக்கு அப்படித்தான்.

ஜூன் 19, வியாழன்

குதிரைகள் வந்துவிட்டன. இரண்டு பெட்டி. வீட்டுக்காரர் வெளியூர் போயிருந்ததால் கீழே கார் நிற்கும் இடத்திலேயே பிரித்து மாட்டினான். இரும்பின் மேல் அப்படியே வைத்து அறுத்தால் ரம்பத்தின் பல் போய்விடும். அதனால் மேலே ஒரு மரக்கட்டையை வைத்து ஸ்குரூ போட்டு முடுக்கினான். அதற்கு இரும்பிலே நாலு நாலு ஓட்டை போட வேண்டியிருந்தது. நான் படியில் உட்கார்ந்து ஸ்குரூவை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தேன். இரண்டு கீழே விழுந்தது. வெளிச்சம் போதவில்லை.

நல்ல சாமான். ஆளே ஏறி நிற்கலாம். குமார் ஏறி நின்று காட்டினான். ஐம்பத்தொரு வயதில்.

ஜூன் 20, வெள்ளி

காலையில் மேலே கொண்டுவந்து அறையில் விரித்தான். குதிரை நின்றது. அவன்தான் நிற்க முடியவில்லை. கட்டில் பக்கம் போனால் முழங்கால் சட்டத்தில் இடிக்கிறது. சுவர்ப் பக்கம் போனால் முதுகு சுவரில் ஒட்டிக்கொள்கிறது. ரம்பத்தை இழுக்க முழங்கையை மடக்க வழி இல்லை.

எழிலரசி டேப்பைக் கொண்டுவந்து பிடித்தாள்.

"அத்தை, அறுபத்து மூணுதான் இருக்கு."

"சரியாப் புடிச்சியா?"

"புடிச்சிருக்கேன், இதோ பாருங்க."

"புது டேப்பு. இழுபட்டிருக்கும்."

"புது டேப்பு எப்படி அத்தை இழுபடும்?"

குமார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். "எம்மா, ஒன் கையக் காட்டு."

"எதுக்கு?"

"சும்மா விரிச்சுக் காட்டேன்."

முந்தானைக்குள் வைத்திருந்தேன். அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லிவிட்டுச் சமையல்கட்டுக்குப் போனேன். பால் அடுப்பில் இல்லை. அங்கே நின்றபோது அவர்கள் பேசியது கேட்டது.

"திருப்பி அனுப்பிட்டு சின்னதை வாங்கிடலாம்ல?"

"எட்டு ஓட்டை போட்டிருக்கேன், எழில். இனி எவன் எடுப்பான்? அன்னைக்கே அறுபத்து மூணுன்னு சொல்லியிருந்தா இருபத்தெட்டையே வாங்கியிருப்பேன். கட்டிலும் இருந்திருக்கும்."

"மெதுவா பேசுங்க."

ஜூன் 21, சனி

அகிலனின் அடிக்கோல் அலமாரியில் கிடந்தது. கதவைச் சாத்திக்கொண்டு கையை வைத்துப் பார்த்தேன்.

ஏழு.

சுண்டு விரலை இடது கையால் பிடித்து நீட்டிவைத்துப் பார்த்தேன். ஏழே கால்.

பள்ளிக்கூட அடிக்கோல்களை நம்ப முடியாது.

ஜூன் 24, செவ்வாய்

கட்டிலை எடுக்க யாரும் சொல்லவில்லை. நானேதான் சொன்னேன். குமார் மூன்று நாளாகக் குதிரையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். பாலர் பள்ளி அம்மா இரண்டு முறை போன் செய்துவிட்டாள்.

"எடுத்துப் போடு. ஹால்ல காத்தும் நல்லா வருது," என்றேன்.

"கொஞ்ச நாளைக்குத்தாம்மா. இந்த ஆர்டர் முடியட்டும்."

ஹாலில் கட்டிலைப் போட்டால் வாசல் கதவு பாதிதான் திறக்கிறது. அதனால் அதை நிமிர்த்திக் கீழே கார் நிற்கும் இடத்தில் சுவரோடு சாய்த்துவைத்தார்கள். எனக்கு மெத்தையைத் தரையில் விரித்தார்கள். காலையில் சோபாவின் கையைப் பிடித்து எழுந்தேன். சோபா மனுஷர் இல்லை.

பொருள்களை ஒரு அட்டைப்பெட்டியில் வைத்து டிவிக்குக் கீழே தள்ளியாகிவிட்டது. கொஞ்சம்தான் இருந்தது.

ஜூன் 29, ஞாயிறு

எழிலரசியின் சிநேகிதிகள் இரண்டு பேர் வந்தார்கள். மெத்தையைச் சுருட்டிக் கதவுக்குப் பின்னால் வைத்தேன். நானும் சமையல்கட்டில் உட்கார்ந்துகொண்டேன். எழிலரசி வந்து, "ஏன் அத்தை இங்க உக்காந்திருக்கீங்க, வாங்க" என்றாள். நல்ல பிள்ளைதான். ஆனால் நான் உட்கார அங்கே நாற்காலி இல்லை.

ஜூலை 3, வியாழன்

இன்று எழுதுவதற்குச் சந்தோஷமாக இருக்கிறது.

எழிலரசி வேலைக்குப் போன பிறகு பட்டறையில் (குமார் இப்போது அந்த அறையை அப்படித்தான் சொல்கிறான்) ரம்பம் மாட்டிக்கொண்ட சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். பலகையை இரண்டு குதிரை மேலும் வைத்து நடுவில் அறுக்கிறான். அறுக்க அறுக்கப் பலகை நடுவில் குழிந்து ரம்பத்தைக் கடித்துக்கொள்கிறது. அவன் வியர்த்துப்போய் நிற்கிறான்.

"ஏய்யா, கோடு ரெண்டு குதிரைக்கும் நடுவுல வரக்கூடாது. இந்தக் குதிரைய உள்ள தள்ளு. அறுக்குத துண்டு வெளிய நிக்கட்டும். அப்ப தானா வாய் தெறக்கும்."

தள்ளிவைத்தான். ரம்பம் வெண்ணெயில் போகிற மாதிரி போனது.

"எம்மா! இத மொதல்லயே சொல்லக் கூடாதா?"

"நீ எங்க கேட்ட?"

"சரி சரி, அந்த நுனியப் புடிச்சுக்க. கீழ விழாம."

மத்தியானம் வரை பிடித்தேன். பதினோரு துண்டு. மரத்தூள் என் சேலையிலும் அவன் மீசையிலும். ஒரு மணிக்கு நான் ரசம் சோறு பிசைந்து கொடுக்க, நின்றுகொண்டே குதிரையின் மேல் தட்டை வைத்துச் சாப்பிட்டான். மூன்று மேசை எழுந்து நின்றுவிட்டது. கோமதிக்குப் போன் செய்து சொன்னேன், உன் அண்ணன் என் யோசனை இல்லாமல் ஒரு பலகை அறுப்பதில்லை என்று.

ஜூலை 7, திங்கள்

நேற்றும் இன்றும் கூப்பிடவில்லை. நுனி கீழே விழாமலிருக்க மூன்றாவதாக ஒரு ஸ்டூலை வைத்துக்கொண்டான்.

ஜூலை 10, வியாழன்

பாலர் பள்ளி அம்மா மேசைகளைப் பார்க்க வந்தாள். குமார் அவளுக்குக் காட்டுவதற்காக ஒரு பலகை அறுத்தான். பார்த்தால், கோடு மறுபடியும் நடுவில். எதிரில் ஆள் நிற்கும் அவசரத்தில் மறந்துவிட்டான் போல.

"குமாரு, கோட்ட பாருல. நடுவுல வச்சிருக்க. ரம்பம் கடிக்கும்," என்றேன்.

அந்த அம்மா சிரித்தாள். "பாட்டி பெரிய என்ஜினியர் போலருக்கே."

"ஆமா," என்றான் குமார், ரம்பத்தை நிறுத்தாமல். "இவங்க அளந்து சொன்ன அளவாலதான் இந்த ரூமே இப்படிக் கெடக்கு. எம்மா, நீ போயி ஒக்காரு."

அந்த அம்மாவுக்கு என்ன விஷயம் என்று தெரியாது. இருந்தாலும் சிரித்தாள்.

நான் போய் உட்கார்ந்தேன். ரம்பம் மாட்டிக்கொண்ட சத்தம் கேட்டது.

ஜூலை 11, வெள்ளி

வெண்டைக்காய்ப் புளிக்குழம்பு. வேறு எழுத ஒன்றும் இல்லை.

ஜூலை 12, சனி

சாப்பிடும்போது சொன்னேன். "சங்கரன்கோவில்ல ஆடித்தபசுத் திருவிழா பாத்து எவ்வளவு நாளாச்சி. கோமதி வீட்டுக்குப் போயிட்டு வாரேன்."

சொல்லிவிட்டு இரண்டு பேர் முகத்தையும் பார்த்தேன். குமார் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான். மகள் வீட்டில் ஒரு ராத்திரிக்கு மேல் தங்கமாட்டேன் என்று அவன் கல்யாணத்துக்கு முன்பிருந்தே நான் பேசிக்கொண்டிருப்பது அவனுக்குத் தெரியும். பெண் கொடுத்த வீட்டில் போய் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களை நான் எப்படிப் பேசுவேன் என்பதும் தெரியும்.

"தபசுக்கு இன்னும் நாள் இருக்கேம்மா," என்றான்.

"ஆடி பொறக்குததுக்கு முன்னால போனா நல்லது."

"அதுவும் சரிதான்."

"எப்போ அத்தை திரும்பி வருவீங்க?" என்று கேட்டாள் எழிலரசி.

"தபசு முடிஞ்சதும்."

"அவசரமே இல்லை அத்தை. நல்லா இருந்துட்டு வாங்க. அண்ணிக்கும் ஆசையா இருக்கும்ல."

அவசரமே இல்லை என்றாள். பாசமாகத்தான் சொன்னாள்.

ஜூலை 15, செவ்வாய்

நாலு சேலை போதும். ஆனால் ஒன்பதையும் எடுத்துவைத்தேன். சால்வை, மாத்திரை டப்பா, ரேஷன் கார்டு நகல், டைரி. ஹால் நடுவில் உட்கார்ந்து இரண்டு முறை வெளியே எடுத்து இரண்டு முறை அடுக்கினேன். எழிலரசி மூன்று முறை குறுக்கே போனாள். குமார் தண்ணீர் குடிக்க இரண்டு முறை வந்தான். தபசு பார்க்கப் போகிறவளுக்குச் சால்வை எதற்கு என்று யாராவது ஒருத்தர் கேட்டால் போதும் என்று இருந்தேன்.

"ஜிப்பு மாட்டுதா அத்தை? நான் போட்டுத் தரேன்," என்று எழிலரசி வந்து பையை முழங்காலால் அமுக்கி மூடிக்கொடுத்தாள்.

ஜூலை 16, புதன்

பஸ் ஸ்டாண்டு வரை குமார் வந்தான். வேலையை நடுவில் விட்டுவிட்டு வந்ததால் தலையெல்லாம் மரத்தூள். தட்டிவிட்டேன். அவன் குனிந்து கொடுத்தான்.

"எம்மா, கோவப்பட்டுப் போறியா?"

"கோவமா? எனக்கா?"

"இல்ல, கேட்டேன்."

"நீ கேட்டதே போதும்."

அடுத்த வார்த்தை வரும் என்று படியில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக நின்றேன். வந்திருந்தால் பை உள்ளே போயிருந்தாலும் இறங்கியிருப்பேன்.

"மாத்திரைய மறந்துராத," என்றான்.

கண்டக்டர் ஏறச் சொன்னார்.

ஜூலை 21, திங்கள்

சங்கரன்கோவில். கோமதி நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறாள். அவள் மாமியார் ஆவுடையம்மாளுக்கு என்னைவிட இரண்டு வயது கூட. இந்த வீட்டில் அவள் வைத்ததுதான் சட்டம். முதல் நாளே கேட்டாள்.

"மதினி, எத்தன நாளைக்கு?"

"தபசு பாக்க வந்தேன் மதினி. முடிஞ்சதும் போயிருவேன். மவன் வீட்ல வேலை கெடக்கு. நான் இல்லாம அவனுக்கு ஓடாது."

"அப்படியா. நல்லது," என்றாள். பிறகு, "பொண்ணு வீட்ல கை நனைக்க மாட்டேன்னு முந்தி ஒரு கல்யாணத்துல என்கிட்டயே சொன்னீங்கள்லா? நான் அத இவளுகளுக்கெல்லாம் சொல்லிச் சொல்லிக் காட்டுவேன். மதினி மாதிரி ரோசமா இருக்கணும்னு," என்றாள்.

அன்றைக்கு வைத்த சோற்றைச் சாப்பிட்டு முடித்தேன். மிச்சம் வைத்தால் அதற்கும் ஒன்று சொல்வாள்.

ஜூலை 30, புதன்

சுடலைராஜ் மதுரையிலிருந்து வந்தான். "ஆச்சி, நீங்க இன்னும் இங்கயா இருக்கீங்க?" என்று கேட்டான். பிள்ளை சாதாரணமாகத்தான் கேட்டான். எல்லாரும் சிரித்தோம்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

தபசு முடிந்துவிட்டது. கூட்டத்தில் நான் போகவில்லை, கால் வலி. கோமதி போய்வந்து திருநீறு கொடுத்தாள்.

குமார் போன் செய்யட்டும் என்று இருந்தேன். இன்று கோமதியே போட்டுக் கொடுத்துவிட்டாள்.

"எம்மா! மேசை பன்னெண்டும் குடுத்தாச்சி. அவங்க ஒரு வார்த்தை கொறை சொல்லல. அத பாத்துட்டு இன்னொரு பள்ளிக்கூடத்துல முப்பது கேட்டிருக்காங்க."

"முப்பதா! நான்தான் சொன்னேன்லா, ஒன் கைக்கு..."

"இன்னும் ரெண்டு குதிரை வாங்கியிருக்கேம்மா. இதும் நாப்பதுதான்."

"எடம் எங்கல இருக்கு?"

"இருக்கும்மா. டேப் வச்சு அளந்துட்டேன். சுவத்துலேருந்து சுவரு நூறு அங்குலம். நாலும் கச்சிதமா நிக்குது."

கட்டில் என்ன ஆயிற்று என்று கேட்டேன். "கீழ மழையில நனைஞ்சு துருவாயிட்டும்மா. வீட்டுக்காரரு தெனமும் சத்தம். எடைக்குப் போட்டாச்சி. அதுக்கென்ன, நீ வரும்போது புதுசு பாத்துக்கலாம்."

எப்போது வரட்டும் என்று கேட்க வாயெடுத்தேன். பக்கத்தில் ஆவுடையம்மாள் பூ கட்டிக்கொண்டிருந்தாள். அதனால், "வேலையப் பாருய்யா. நான் இப்ப எங்க வர, இவ விடமாட்டேங்கா," என்றேன்.

"சரிம்மா, அப்ப இரு," என்றான். அவன் குரலில் ஒரு பாரம் இறங்கினது எனக்குத் தெரிந்தது. பெற்றவளுக்குத் தெரியாதா.

போனைக் கொடுத்தேன். ஆவுடையம்மாள் பூவிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஆரு விடமாட்டேங்கா மதினி?" என்றாள்.

ஆகஸ்ட் 20, புதன்

சிந்துஜாவுக்கு இன்று கடிதம் எழுதினேன். இரண்டு தாள் கெட்டது. மூன்றாவதில் எழுதியதை இங்கே படியெடுத்து வைக்கிறேன், என்ன எழுதினேன் என்று பிறகு மறந்துவிடக் கூடாது.

"அன்புள்ள சிந்துஜாவுக்கு ஆச்சி எழுதிக்கொண்டது. நான் நலம். சுதந்திர தினத்துக்கு நீயும் அகிலனும் ஓசூர் வந்து நாலு நாள் இருந்துவிட்டுப் போனீர்கள் என்று உன் அத்தை சொன்னாள். எனக்குச் சொல்லியிருந்தால் வந்திருப்பேன். சொல்லாததும் நல்லதுதான், வந்தால் எல்லோருக்கும் படுக்க இடம் இருந்திருக்காது. நீ எங்கே படுத்தாய்? ஹாலில் என்றால் அடுத்த தடவை சோபாவுக்கும் டிவிக்கும் நடுவில் படுத்துக்கொள், அங்கேதான் காற்று வரும்.

உன் அப்பாவுக்குத் தொழில் நன்றாக நடக்கிறது. நான் இருந்தால் அவனுக்கு இடைஞ்சல் என்று நானாகத்தான் வந்தேன். யாராவது கேட்டால் நீயும் அப்படியே சொல். உன் அப்பாவை ஒன்றும் கேட்காதே. அவன் என்னை ஒன்றும் சொல்லவில்லை.

இங்கே உன் அத்தை மாமியார் தினமும் தன் பேரன் பேத்திகளைப் பற்றிப் பேசுகிறாள். நானும் சொல்கிறேன். ஆனால் அவள் உன்னைப் பார்த்து ஏழு வருஷம் ஆகிறது. பள்ளிக்கூட யூனிபாரத்தில் இரட்டைச் சடை போட்ட பிள்ளைதானே என்கிறாள். எவ்வளவு சொன்னாலும் தலையை ஆட்டிவிட்டுப் போகிறாள்.

அதனால் நீ ஒன்று செய். போனில் அனுப்பாதே. போன் உன் அத்தையுடையது, அவள் காட்டும்போதுதான் நான் பார்க்க முடியும். எனக்கென்று கையில் ஒன்று இருக்கட்டும். மேலே என் பேரை எழுதி, அதற்குக் கீழே மே/பா ஆறுமுகம் என்று உன் மாமா பேரைப் போடு. பிறகு தெருவும் கதவு எண்ணும். மாமா பேர் இல்லாவிட்டால் தபால்காரருக்கு இந்த வீட்டில் நான் இருப்பது தெரியாது. பழைய விலாசத்துக்கு இனி எழுத வேண்டாம். நீ இப்போது எப்படி இருக்கிறாயோ அப்படியே எடுத்த புதுப் படம் ஒன்று காகிதத்தில் போட்டுத் தபாலில் அனுப்பு."